வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிரிக்க நத்தை: பயம் எதற்கு, கவனம் எதில்?

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும் பொதுமக்களுக்கும் மழைக்காலத்தை முன்னிட்டு ஆற்றப்பட்ட சுகாதார விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)

வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கீங்க. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஐப்பசி மழை இறங்கினால் போதும், வாழை அடியிலும் துணி துவைக்கிற கல்லிலும் சுண்ணாம்பு அடித்த சுவரிலும் கை நீளத்துக்கு ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருக்கும். அதைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. ஒன்று வாட்ஸ்அப் பேச்சு: "தொட்டாலே மூளைக்காய்ச்சல், ஆளே காலி." இன்னொன்று பெரியவங்க பேச்சு: "நத்தைதானே, நாம வயல்ல பார்க்காததா? குழம்பு வச்சே சாப்பிட்டிருக்கோம்." இரண்டையும் நம்பாதீங்க. முதல் பேச்சை நம்பினால் தூக்கம் போகும். இரண்டாவதை நம்பினால் ஒரு குழந்தையின் உடம்பு கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது.

முதலில் ஆளை அடையாளம் தெரிஞ்சுக்கணும். பாகூர் ஏரிப் பாசன வாய்க்காலிலும் வயலிலும் கிடைக்கிறதே, நம் ஊர் நத்தை, அது தண்ணீரில் வாழ்வது. ஓடு உருண்டையாக இருக்கும். தொட்டால் உள்ளே போய், வாயை ஒரு கெட்டியான மூடியால் டப்பி மாதிரி மூடிக்கொள்ளும். நான் சொல்கிற நத்தை தரையில் வாழ்வது. ஓடு நீளமாக, ஒரு பக்கம் கூம்பி, பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இருக்கும். அதற்கு அந்த மூடி கிடையாது. வெயில் காலத்தில் ஓட்டின் வாயில் காகிதம் மாதிரி ஒரு படலத்தைப் பூசிக்கொண்டு மண்ணுக்குள்ளோ கல் இடுக்கிலோ மாதக்கணக்கில் தூங்கும். சாதாரணமாக 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை பார்க்கலாம். 20 சென்டிமீட்டர் வரைகூட வளரும். இதுதான் ஆப்பிரிக்க ராட்சச நத்தை.

பெயரே சொல்கிறது, இதன் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. நம் நாட்டுக்கு இது தானாக வரவில்லை. 1847-இல் பென்சன் என்ற ஆங்கிலேயர், நத்தை ஓடுகளை ஆராய்கிறவர், மொரீஷியஸ் தீவிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே சௌரங்கி பகுதியில் ஒரு தோட்டத்தில் விட்டதிலிருந்து தொடங்கியது. பிறகு செடியோடும் மண்ணோடும் மரத்தடியோடும் ஒவ்வொரு மாநிலமாகப் பரவி, கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கேரளாவில் 1970-ஆம் ஆண்டு வாக்கில் பாலக்காட்டுப் பக்கம் முதலில் கண்டார்கள். இன்று அந்த மாநிலத்தில் பல மாவட்டங்களில் இது பெரிய தலைவலி. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் இதை ஒழிக்கிற வேலையைப் பல வருடமாகச் செய்துவருகிறது.

எப்படி இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது? ஒரே நத்தையில் ஆணும் பெண்ணும் இருக்கிறது. ஒவ்வொன்றும் முட்டையிடும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு, சில சமயம் நானூறு முட்டை. வருடத்துக்கு நாலைந்து தடவை. அமெரிக்காவில் மயாமி நகரில் 1966-இல் ஒரு சிறுவன் விளையாட்டுக்கு மூன்று நத்தையைக் கொண்டுவந்தான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழு வருடத்தில் 18,000 நத்தை. அரசாங்கம் லட்சக்கணக்கான டாலர் செலவு செய்துதான் ஒழித்தது. அதே ஊர்ப் பக்கம் 2011-இல் மறுபடியும் வந்தது என்பது வேறு கதை. நாம் இதைக் கேட்டுவிட்டுக் கை விட்டுவிட வேண்டியதில்லை. மூன்று இருக்கும்போதே எடுத்துவிட்டால் வேலை சுலபம், அவ்வளவுதான்.

இப்போ நோய்க்கு வருகிறேன். கவனமாகக் கேளுங்க, ஏனென்றால் இதில் குற்றவாளி நத்தை மட்டும் இல்லை. ஆரம்பம் எலி.

எலியின் நுரையீரல் ரத்தக் குழாய்க்குள் வாழ்கிற ஒரு மெல்லிய புழு இருக்கிறது. எலி நுரையீரல் புழு என்று சொல்வார்கள். 1935-இல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் இதைக் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு வந்ததை முதலில் பதிவு செய்தது 1945-இல், தைவானில். இந்தப் புழுவின் குஞ்சுகள் எலிப் புழுக்கையோடு வெளியே வரும். நத்தை எதையும் விடாமல் தின்னும், எலிப் புழுக்கையையும் தின்னும். புழுக்குஞ்சு நத்தையின் சதைக்குள் போய் அடுத்த நிலைக்கு வளரும். அந்த நத்தையை இன்னொரு எலி தின்றால் புழு அதன் மூளைக்குப் போய், கொஞ்ச நாள் வளர்ந்து, அங்கிருந்து நுரையீரலுக்கு இறங்கி முட்டையிடும். இந்தச் சுற்றில் மனிதனுக்கு இடமே இல்லை. ஆனால் நத்தையின் சதைத் துணுக்கோ, கண்ணுக்குத் தெரியாத குட்டி நத்தையோ நம் வாய்க்குள் போய்விட்டால், புழு நம் உடம்பையும் எலி உடம்பு என்று நினைத்து மூளைக்குப் போகிறது. அங்கிருந்து இறங்கத் தெரியாமல் அங்கேயே சாகிறது. அது சாகும்போது மூளையைச் சுற்றி இருக்கிற உறை வீங்குகிறது. இதுதான் இயோசினோபிலிக் மெனிஞ்சைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்கிற மூளை உறை அழற்சி.

ஆக, நோய் வருகிற வழி வாய். நத்தை சுவரில் ஊர்ந்தது, காலில் பட்டது, கையில் பட்டது என்பதால் மட்டும் புழு தோலைத் துளைத்து உள்ளே போகாது. கையில் பட்ட கோழையோடு அப்படியே சோறு பிசைந்தால்தான் ஆபத்து. அந்தக் கோழையில் புழு இருக்கிற வாய்ப்பும் குறைவுதான், பெரும்பாலும் சதைக்குள்தான் இருக்கும். ஆனாலும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுப் போங்க. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் இது தொற்றாது.

அப்போ யாருக்கு வரும்? வேண்டுமென்றே நத்தையைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு வந்திருக்கிறது. 2010-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 19 வயது இளைஞர் ஒருவர், நண்பர்கள் விளையாட்டாகச் சொன்னதற்காக ஓடில்லாத நத்தை ஒன்றை விழுங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தார், கை கால் விழுந்துபோனது, 2018-இல் இறந்துபோனார். கேரளாவில் உடும்பைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு இதே நோய் வந்ததை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். உடும்பு நத்தையைத் தின்னும், புழு அதன் உடம்பில் தங்கும். "உடும்பு ரத்தம் குடிச்சா முதுகு பலம்" என்று இங்கேயும் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதோடு மூளைக்கும் ஆபத்து.

நம் வீடுகளில் இப்படிப்பட்ட வீர விளையாட்டு யாரும் செய்யப் போவதில்லை. எனக்குக் கவலை வேறு இடத்தில். நாம் சமைக்காமல் சாப்பிடுகிற இலைகள் என்னென்ன என்று ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. சட்னிக்குப் புதினா, மேலே தூவக் கொத்தமல்லி. அப்புறம்? வெற்றிலை. காலையில் வெறும் வயிற்றில் வல்லாரை, ஞாபக சக்திக்கு என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நாலு இலை. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கிக் கொடுக்கிறோம். சளி பிடித்த கைக்குழந்தைக்குக் கற்பூரவல்லி சாறு, துளசிச் சாறு. இவை எல்லாம் எங்கே வளர்கிறது? தோட்டத்தில் ஈரமும் நிழலும் உள்ள மூலையில், தரையை ஒட்டி, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரத்தில். நத்தைக்கும் அதே இடம்தான் பிடிக்கும். எலிக்கும்தான்.

வைத்தியத்தைக் குறை சொல்ல வரவில்லை, வீட்டு மருந்து வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பச்சையாகக் கொடுப்பதைத்தான் மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். கற்பூரவல்லியைத் தணலில் வாட்டித்தான் நம் பாட்டிமார்கள் சாறு பிழிந்தார்கள். மேலோட்டமாக வாட்டினால் போதாது, இலையைத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்துக் கஷாயமாகக் கொடுங்க. புழுவுக்குக் கொதி ஆகாது, மூன்று நாலு நிமிடம் நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். கீழாநெல்லி கொடுப்பதற்கு முன்னாடி காமாலைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வேன், அது இன்னொரு நாள் பேச வேண்டிய விஷயம். பச்சையாகவே சாப்பிட வேண்டிய புதினா, வெற்றிலை மாதிரி இலைகளைக் கட்டாகத் தண்ணீரில் முக்கி எடுப்பது கழுவுவது ஆகாது. ஒவ்வொரு இலையாகப் பிரித்து, முன்பக்கம் பின்பக்கம் ஓடுகிற தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவணும். இலைக்கு அடியில் மிளகு அளவு குட்டி நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும், அது போகணும். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைக்கிறோமே என்று கேட்பீர்கள். செய்யுங்க, அழுக்கும் பூச்சியும் கழன்று வரும். ஆனால் இந்தப் புழு அதில் செத்துவிடும் என்று நம்ப முடியாது. நத்தை கடித்த ஓட்டை, பளபளவென்று காய்ந்த கோழைத் தடம் உள்ள இலையை வேண்டாம் என்று வீசிவிடுங்க.

இரண்டாவது கவலை தவழ்கிற குழந்தை. கையில் கிடைத்ததை வாயில் போடுகிற வயசு. மழைக்காலத்தில் திண்ணையிலும் முற்றத்திலும் குழந்தையை விடுவதற்கு முன்னாடி ஒரு தடவை பெருக்கிப் பாருங்க. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் நத்தையை வைத்து விளையாடும், கொட்டாங்கச்சியில் போட்டு வளர்க்கும். திட்ட வேண்டாம், பிடுங்கி எடுத்துவிட்டுக் கை கழுவவைங்க. மூன்றாவது, திறந்து கிடக்கிற தண்ணீர்த் தொட்டியும் சிமென்ட் சம்ப்பும். நத்தை உள்ளே விழுந்து செத்து அழுகினால் புழுக்குஞ்சு தண்ணீரில் வரும். மூடி போடுங்க. கொசுவுக்கும் அது ஒரு தடை.

எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்டால், இது அபூர்வமான நோய்தான். டெங்கு மாதிரி தெருவுக்கு நாலு பேருக்கு வருவது இல்லை. அபூர்வமாக இருப்பதால்தான் தப்பிப்போகிறது. தலைவலியோடு ஒருவர் வந்தால் டாக்டருக்கு முதலில் நத்தை ஞாபகம் வராது, நீங்களும் சொல்ல மாட்டீர்கள். அதனால்தான் இந்தப் பேச்சில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும் என்றால், இதைச் சொல்வேன்: அறிகுறி தெரிந்தால் ஆஸ்பத்திரியில் "நத்தை" என்ற வார்த்தையை நீங்களே வாய்விட்டுச் சொல்லணும்.

அறிகுறி என்ன? புழு உள்ளே போன ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் தொடங்கும். மாத்திரைக்கு அடங்காத கடுமையான தலைவலி, கழுத்து இறுகிப் போவது, வாந்தி. காய்ச்சல் லேசாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த நோய்க்கே உரிய ஒன்று உண்டு: தோலில் எரிச்சல், குத்தல், எறும்பு ஊர்கிற மாதிரி உணர்ச்சி, சட்டை பட்டால்கூட வலிப்பது. சிலருக்குப் பார்வை இரண்டாகத் தெரியும். சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, அதனால் காய்ச்சல், ஓயாத வாந்தி, எழுப்பினாலும் எழாத மந்தம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, ராத்திரி என்றால் 108-ஐக் கூப்பிடுங்க. அங்கிருந்து கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ ஜிப்மருக்கோ அனுப்புவார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கணும் என்பார்கள். இதைக் கேட்டதும் பல பேர் "வேண்டாம், இடுப்பு விழுந்துடும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அப்படி எதுவும் விழாது. அந்த நீரில் இயோசினோபில் என்கிற வெள்ளணு கூடியிருப்பதைப் பார்த்துத்தான் இந்த நோயைச் சந்தேகிக்க முடியும். அதோடு நீரை எடுத்தால் மூளையின் அழுத்தம் குறைந்து தலைவலியும் தணியும். சரியான நேரத்தில் போனவர்களில் பெரும்பாலானோர் குணமாகிவிடுகிறார்கள்.

இன்னொன்று. "பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை கொடுத்துட்டாங்களே, அது போதாதா?" போதாது. அந்த அல்பெண்டசோல் மாத்திரை குடல் புழுவுக்கானது, அதைக் கட்டாயம் சாப்பிடவைக்கணும், ஆனால் நாளைக்கு வரப்போகிற நுரையீரல் புழுவை அது இன்றைக்கே தடுத்து வைக்காது. தலைவலி வந்த பிறகு மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவது இன்னும் மோசம். மூளையில் இருக்கிற புழுக்கள் ஒரே நேரத்தில் செத்தால் வீக்கம் கூடலாம். எந்த மருந்து, எப்போது, ஸ்டீராய்டு சேர்த்தா என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும்.

சரி, தோட்டத்தை என்ன செய்வது? நத்தை இருட்டில்தான் வெளியே வரும். மழை விட்ட சாயங்காலம் டார்ச் எடுத்துக்கொண்டு போங்க, அல்லது விடியற்காலையில். கையுறை இல்லையா, இரண்டு பால் கவரை ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால் போதும். பழைய இடுக்கி இருந்தால் இன்னும் நல்லது. கைக்கு எட்டாத இடத்தில் ஒளிந்திருப்பதைப் பிடிக்க, ஒரு கோணிச் சாக்கை நனைத்து, அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலை, வெள்ளரித் தோல் என்று எதையாவது போட்டு நிழலில் விரித்துவிடுங்க. காலையில் தூக்கிப் பார்த்தால் கூட்டமாக இருக்கும். ஒரு வாளியில் கல்லுப்பைத் தாராளமாகக் கரைத்து அதில் போட்டு மூடிவையுங்க. செத்த பிறகு இரண்டடி ஆழக் குழியில் கொட்டி, சுண்ணாம்பு தூவி மூடணும். உப்பைத் தோட்டத்து மண்ணில் கொட்டாதீங்க, நத்தை போகும், கூடவே செடியும் போகும். காலால் மிதித்து நசுக்குவதும் வேண்டாம், சதை நாலு பக்கம் தெறித்துக் கீரைப் பாத்தியில்தான் விழும். ஈர மண்ணைக் கிளறும்போது வெளிர் மஞ்சளாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகக் குவியல் முட்டை கிடைத்தால் அதையும் அள்ளி உப்புத் தண்ணீரில் போடுங்க. ஒரு முட்டைக் குவியல் எடுப்பது நூறு நத்தை எடுத்ததற்குச் சமம்.

கடையில் நத்தைக்கொல்லிக் குருணை கிடைக்கிறது. மெட்டால்டிஹைடு என்பார்கள். நாய், கோழி, கன்றுக்குட்டி அதைத் தின்றால் செத்துவிடும், தவழ்கிற குழந்தைக்கும் விஷம். வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. பப்பாளித் தோப்பு, வாழைத் தோப்பு என்று பெரிய அளவில் சேதம் இருந்தால் உங்கள் பகுதி உழவர் உதவியகத்தில் கேளுங்க, குரும்பாப்பேட் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கிடைக்கும்.

எடுத்த நத்தையின் காலி ஓட்டை அப்படியே விட்டுவிடாதீங்க. மழைத்தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். தேங்காய் ஓட்டுக்கும் டயருக்கும் சொல்கிற அதே கதைதான், டெங்குக் கொசு.

இதில் ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. வில்லியனூர் பக்கம் நெல் வயலாக இருந்த எத்தனை இடம் இன்று கல் நட்ட காலி மனையாகக் கிடக்கிறது! சொந்தக்காரர் வெளியூரில் இருப்பார், மனையில் புதர் மண்டியிருக்கும், சுற்றியுள்ளவர்கள் குப்பையைக் கொட்டுவார்கள். எலிக்கு அங்கே சாப்பாடு, நத்தைக்கு நிழல். அதன் பக்கத்து வீட்டுக்காரம்மா தினமும் முப்பது நத்தை பொறுக்கினாலும் மறுநாள் முப்பது வரும். தெருவே சேர்ந்து ஒரே சாயங்காலம் பொறுக்கணும், காலி மனையையும் சேர்த்து. புதரை வெட்டவும் குப்பையை அகற்றவும் கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்க, குழுவின் பெயரில் கொடுத்தால் இன்னும் நல்லது. எலி குறைந்தால் வெள்ளத்துக்குப் பிறகு வருகிற எலிக்காய்ச்சலும் குறையும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, சங்கராபரணியும் தென்பெண்ணையும் கரை புரண்டது நினைவிருக்கும். அப்படி வெள்ளம் வந்து வடியும்போது குப்பையோடும் மிதக்கிற கட்டைகளோடும் நத்தை இல்லாத தெருவுக்கும் நத்தை வந்து சேரும். அதே போல நர்சரியில் செடி வாங்கும்போது தொட்டியின் அடியைத் தூக்கிப் பாருங்க. வேலைக்கு இறக்குகிற செம்மண் லோடையும் ஒரு தடவை கிளறிப் பாருங்க.

முன்வரிசையில் ஒரு அக்கா கேட்டாங்க, "அப்போ நத்தைக்கறி சாப்பிடவே கூடாதா?" வயல் நத்தையை மூலத்துக்கு நல்லது என்று நம் பக்கம் சாப்பிடுகிறார்கள். வயல் நத்தையிலும் இந்தப் புழு இருக்க முடியும், அதனால் அரைவேக்காடு கூடாது. ஓட்டோடு நன்றாகக் கொதிக்கவைத்து, சதையை எடுத்து, மறுபடி குழம்பில் வேகவிட்டால் புழு பிழைக்காது. சுத்தம் செய்த கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வெங்காயம் நறுக்கணும். தோட்டத்து ஆப்பிரிக்க நத்தையை மட்டும் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அது எங்கே ஊர்ந்தது, எந்த விஷக் குருணையைத் தின்றது என்று நமக்குத் தெரியாது.

வாத்து குட்டி நத்தையைத் தின்னுமே, விடலாமா என்று ஒரு அண்ணன் கேட்கிறார். தின்னும், விடலாம். பெரிய நத்தையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, அதை நீங்கள்தான் பொறுக்கணும். குருணை போட்ட தோட்டத்தில் மட்டும் வாத்தை விடாதீங்க.

பின்னாடி கை தூக்கியிருக்கீங்க, நீங்க கேளுங்க அம்மா.